குதிருக்குள் இருந்த பாட்டு

களத்தில் காய்ந்த நெல்லைச் சூட்டோடு குதிரில் கொட்டக் கூடாது என்பது அழகிக்குத் தெரியாததல்ல. பாவாடை கட்டிய வயதிலேயே தெரிந்த சங்கதி. காய்ந்த நெல்லை அள்ளிக் குவித்து ஒரு ராத்திரி ஆற விட வேண்டும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் குதிரில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் நெல் உள்ளே வேர்த்துப் புழுத்துப் போகும். இத்தனையும் தெரிந்தவள்தான் அந்த மாசி மாதத்து உச்சி வெயிலில், காலைச் சுடும் நெல்லைக் கூடை கூடையாக அள்ளி வந்து, உரல்மேல் ஏறி நின்று குதிரின் வாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் பழகிய வேலைகூடத் தலைகீழாகப் போகும்.

சற்று முன்புதான் தலையாரி நாகராசு வேலி ஓரமாக நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அழகிக்குச் சித்தப்பா முறை. கெட்ட சேதியை எடுத்து வருகிற வேலை அவனுக்கு வாய்த்திருந்தது, அவ்வளவுதான்.

"ஒன் வீட்டுக்காரன் அந்தச் செருமன் தொரையோட பொட்டியத் தூக்கியாந்து வச்சிருக்கானாமுல்ல. நாளைக்கு இன்ஸ்பெக்டரு இங்கிட்டு வாராரு. என்னையக் கேட்டா நான் இல்லைன்னு சொல்ல முடியாது ஆத்தா, பாத்துக்க."

அழகியின் புருசன் ஆண்டியப்பன் ஆறேழு வருசமாகத் துரைக்கு வண்டி ஓட்டியவன். திருவரங்குளத்துக்குக் கிழக்கே பள்ளிக்கூடமும் மருந்து கொடுக்கும் கொட்டகையும் வைத்திருந்த வெள்ளைக்காரப் பாதிரியைத்தான் ஊர் துரை என்றது. வெள்ளைக்காரர் என்றாலும் இங்கிலீசுக்காரர் இல்லை, ஜெர்மன்காரர். சண்டை மூளுகிற வரைக்கும் இந்த வித்தியாசத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் கவலை இருந்ததில்லை. ஆவணியில் சண்டை மூண்டது. ஜெர்மன்காரர்களை எல்லாம் எங்கோ வடக்கே முகாமில் அடைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒருநாள் லாரி வந்து துரையை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஏறுவதற்கு முன்னால் அவர் ஆண்டியப்பனைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் காட்டி, நான் வரும்வரை இதை நீ வைத்திரு என்று சொன்னாராம். சரிங்க என்று இவனும் தூக்கி வந்துவிட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அழகி அன்றைக்கே முணுமுணுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

பெட்டியில் இருந்தவை பாட்டுப் பிளேட்டுகள். கன்னங்கரேலென்று, சோற்றுத் தட்டைவிட அகலமாக, உறை உறையாகத் தைத்த ரெண்டு தடித்த அட்டைகளுக்குள் செருகி இருந்தன. அழகி அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள். சாயங்காலங்களில் புருசனுக்காகத் துரை வீட்டு வேப்பமரத்தடியில் காத்திருக்கும்போது உள்ளே அது பாடும். பாட்டு மிசினுக்குச் சாவி கொடுப்பதும், பக்கம் முடிந்தால் பிளேட்டைத் திருப்பிப் போடுவதும் ஆண்டியப்பன் வேலை. முதல் தடவை கேட்டபோது அவள் பயந்தே போனாள். முதலில் பத்துப் பதினைந்து பிடில் ஒன்றாகச் சேர்ந்து அடி வயிற்றிலிருந்து புறப்படுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நாயனம் போல ஒன்று, ஆனால் நாயனத்தை விட ஒடுங்கிய குரலில் இழுத்தது. அதன் பிறகு திடீரென்று ஆணும் பெண்ணுமாக ஒரு ஊரே வாய் திறந்தது. ஒரு கூட்டம் எதையோ கேட்டது, இன்னொரு கூட்டம் பதில் சொன்னது, பதில் முடிவதற்குள் முதல் கூட்டம் மறுபடியும் கேட்டது. வீட்டுக்குள்ளே இத்தனை பேர் எப்போது போனார்கள் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வெளியே வரவில்லை, அவள் புருசன்தான் துண்டை உதறிக்கொண்டு வந்தான்.

"யாருங்க செத்துப் போனது?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல. எரநூறு வருசத்துக்கு முந்தி அவுக ஊர்க்கோயில்ல பாடுன பாட்டாம். ஒரே பாட்டு. ஒரு பிளேட்டுக்குள்ள அடங்காதுன்னு அத்தனை பிளேட்டா வெட்டி வச்சிருக்காக."

இப்போது அது வெறும் பாட்டு இல்லை. எதிரி தேசத்துக் கூட்டம் ஒன்று பெட்டிக்குள் அடைந்து தன் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். இங்கே மடி கொள்ளாத கனம்.

போலீஸ் என்றால் அழகிக்கு அவள் அண்ணன் கருப்பனின் கைகள்தான் ஞாபகம் வரும். கலியாணத்துக்கு முந்தின வருசம் யாருடைய ஆடோ காணாமல் போனதென்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆடு தானாகவே பட்டிக்குத் திரும்பிவிட்டது. கருப்பன் அதற்கப்புறமும் சில நாள் கழித்துத்தான் திரும்பினான். எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அவன் வாய் திறந்து சொன்னதில்லை. உடம்பில் பெரிய காயமும் இல்லை. ஆனால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொள்வான். பெற்ற தாய் கூப்பிட்டாலும் அப்படித்தான். எச்சில் கையோடு கூப்பி நிற்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்தே ஆத்தா செத்துப் போனாள். ஆண்டியப்பன் கை அப்படி ஆகக் கூடாது. அழகிக்கு உலகத்தில் வேறு ஒரு வேண்டுதலும் அப்போது இல்லை.

நாகராசு போனதும் முதலில் பெட்டியோடு தூக்கிப் பார்த்தாள். குதிரின் வாய்க்குள் பெட்டி நுழையவில்லை. பிளேட்டு அட்டைகளை மட்டும் எடுத்து ஒரு பழஞ்சேலையில் சுற்றி, பாதிவரை இருந்த நெல்லின்மேல் சாய்த்து வைத்தாள். அதன்மேல் களத்து நெல்லைச் சூட்டோடு கொட்டினாள். வாய் வரைக்கும் நிரம்பியதும் மூடியைப் போட்டுச் சாணி மெழுகினாள். வெறும் பெட்டியில் பருத்திக்கொட்டையை நிரப்பி மாட்டுக்கொட்டிலில் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு தரையில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளினாள்.

ஆண்டியப்பன் புதுக்கோட்டைக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போயிருந்தவன் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தான். அவள் சொல்லவில்லை. சொன்னால், இருந்தா இருக்கட்டும், பாட்டுத்தானே என்பான், பெட்டியைத் திரும்ப மூலையில் கொண்டுவந்து வைப்பான். அவனுக்கு ஒளிக்கத் தெரியாது. விடிந்ததும் பக்குவமாகச் சொல்லி, யார் கேட்டாலும் பெட்டியைத் தூக்கித் தூரப் போட்டாயிற்று என்று சொல்ல வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே படுத்தாள்.

ஆனால் விடிந்தபோது நாகராசு வாசலில் நின்றான். பின்னால் ஒரு போலீஸ்காரர் நின்றார். கையில் பிரம்பு. இன்ஸ்பெக்டர் திருவரங்குளத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஆண்டியப்பன் யாரு?"

"நாந்தானுங்க."

"செருமன்காரன் சாமான் ஒங்கிட்ட இருக்கா?"

அழகி கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்ல என்ன செலவு?

"இருக்குங்க. பாட்டுப் பிளேட்டு. இந்தா எடுத்தாரேன்" என்று ஆண்டியப்பன் சொன்னது கேட்டது.

அவன் உள்ளே வந்தான். மூலையைப் பார்த்தான். பெட்டி இருந்த இடத்தில் பெட்டியின் அளவுக்கு மெழுகாத தரை மட்டும் இருந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்தான். போலீஸ்காரர் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்.

"எங்கடா?"

"இங்கனதாங்க இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? கால் மொளச்சுப் போயிருச்சா?"

பிரம்பின் நுனி ஆண்டியப்பனின் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது. அடிக்கவில்லை, சும்மா வைத்தார். அழகிக்கு அது போதும். உண்மையைச் சொன்னவனைத் தான் பொய்யனாக்கி நிறுத்திவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்கும். அந்தப் பிள்ளை பயத்தில் எப்படி நடுங்கியிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

"நாந்தாங்க ஒளிச்சு வச்சேன். அவுகளுக்குத் தெரியாது" என்றாள்.

குதிரின் அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினாள். நெல் சரசரவென்று கொட்டித் தரையில் குவிந்தது. குவியல் சுவரைத் தொட்டது, அடுப்பைத் தொட்டது, போலீஸ்காரரின் பூட்சைத் தொட்டது. அவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"நெல்லு இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. நேத்துக் கொட்டுனதா? அப்ப நாங்க வர்றது தெரிஞ்சுதான் கொட்டியிருக்கே."

நாகராசு தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நெல் வடிந்ததும் மேல்மூடியைப் பெயர்த்துப் பார்த்தபோது சேலை மூட்டை கடைசியில் வெளிப்பட்டது. ஆண்டியப்பன் அதைத் தூக்கிக்கொண்டான். பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. அழகியிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருவரங்குளம் வரை அவள் பின்னாலேயே நடந்தாள். வீட்டுக்குப் போ என்று போலீஸ்காரர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

வீரய்யா காப்பிக் கடையில் இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயது அதிகமில்லை. வேர்த்த நெற்றியில் தொப்பி வைத்திருந்த அடையாளம் சிவப்பாகத் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் கிராமபோன் இருந்த ஒரே கடை அதுதான். நாடகப் பாட்டுப் போட்டு ஆள் சேர்ப்பது வீரய்யாவின் வழக்கம். இன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. எதிரிப் பாட்டைப் பாடியதற்காக மிசினையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அவருக்கு அவர் பயம்.

"ஒளிச்சு வச்சிருந்தான் அய்யா. நெல்லுக்குள்ள" என்றார் போலீஸ்காரர்.

"பாட்டுன்னா எதுக்கு ஒளிக்கணும்?" இன்ஸ்பெக்டர் ஆண்டியப்பனைப் பார்த்தார். "இதுல என்ன பேசியிருக்கான்?"

"பேச்சு இல்லீங்க எசமான். பாட்டுத்தான்."

"போடு. கேப்போம்."

வீரய்யா சேலையை அவிழ்த்து மேலாக இருந்த பிளேட்டை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிளேட்டு அப்பளம் போல ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

"வளைஞ்சு போயிருக்குங்களே. இது அரக்குச் சாமான். சூடு பட்டா இளகிரும்."

ஆண்டியப்பன் திரும்பி அழகியைப் பார்த்தான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். அதில் கோபமே இல்லை. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன வீட்டில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டவன் முகம் அது. இதுவரை அவளுக்குப் போலீஸ் பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது.

"பாடுற வரைக்கும் பாடட்டும். போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிளேட்டு சுற்ற ஆரம்பித்தது. ஊசி அதன்மேல் மேடேறி இறங்கி, மேடேறி இறங்கிப் போயிற்று. பிடில்கள் கிளம்பின. அழகி வேப்பமரத்தடியில் கேட்ட அதே சத்தம்தான், ஆனால் இப்போது நேராக வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஏறி, தேய்ந்து, விம்மி, மறுபடி ஏறியது. பிறகு அந்த ஊர் வாய் திறந்தது. கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். போலீஸ்காரர் தன்னை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினார்.

"எத்தனை பேருடா இருக்கான் இதுக்குள்ள? பட்டாளமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன சொல்றானுங்க?"

"எழவுப் பாட்டுங்க. அவுக சாமியக் கொல்லக் கூட்டிட்டுப் போறப்ப சனமெல்லாம் நின்னு அழுவுறதாம்."

"ஒனக்கு அந்தப் பாஷை தெரியுமா?"

"தெரியாதுங்க. தொரை சொன்னது."

"தொரை சொன்னான். எதிரி சொன்னதை நான் நம்பணுமா?"

ஆண்டியப்பனின் கைகள் அசைந்தன. அழகி பார்த்துக்கொண்டேயிருந்தாள். துண்டைப் பிடித்திருந்த கை துண்டை விட்டது. இடது கை மேலே வந்தது. வலது கை அதைத் தேடிப் போயிற்று. நெஞ்சுக்கு நேரே இரண்டும் சேர்ந்து நின்றன. கருப்பன் கூப்புவது போலவே, விரல் நுனிகள் ஒட்டாமல். ஒருவரும் அவனை அடிக்கவில்லை. அடிக்காமலே கைகள் கற்றுக்கொண்டுவிட்டன.

அப்போது கடை ஓரத்தில் ஒரு கூடை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவித்த கடலை விற்கிற மூக்காயி. அவள் மகன் ராசு சண்டை தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவன், ஏறியதோடு சரி, ஒரு தகவலும் கிடையாது. இத்தனை மாதமும் அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கடலை வேணுமா என்பதைத் தவிர வேறு பேச்சே அவளிடம் வராது. அவள் கிராமபோனின் குழாயைப் பார்த்தபடி மெல்லக் குந்தினாள். பாட்டு ஏறித் தேய்ந்த இடத்தில், அந்தத் தேய்விலேயே தன் குரலைக் கோத்தாள்.

"கப்பலேறிப் போனவனே... கரை காணாமப் போனவனே..."

பாஷையாவது மண்ணாவது. உள்ளே அழுத கூட்டத்துக்கும் வெளியே குந்தியிருந்த கிழவிக்கும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். இரண்டு பெண்கள் வந்து மூக்காயியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பிளேட்டு நேராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அழகிக்குத் தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

"நிறுத்துய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரய்யா ஊசியைத் தூக்கினார். பிளேட்டில் பாட்டு நின்றது. மூக்காயி நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எழவுப் பாட்டுத்தான்" என்றார் கடைசியில். "எடுத்துட்டுப் போ. ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாது. கூப்பிட்டா வரணும்."

அவர் எழுந்து போன பிறகு போலீஸ்காரர் ஆண்டியப்பனின் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "ஒளிச்சு வச்சது ஏன்னு அய்யா கேக்கல. நான் ஒருநாள் வந்து கேப்பேன்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆண்டியப்பன் மூட்டையை நெஞ்சோடு அணைத்து முன்னால் நடந்தான். வாசலில் உட்கார்ந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மேலே இருந்தவைதான் மோசம். அடியில் இருந்தவை கொஞ்சம் தப்பியிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

"சூட்டோட கொட்டிட்டேன்" என்றாள் அழகி. "ஒங்களைக் கூட்டிட்டுப் போயிருவாகன்னு எனக்கு ஒண்ணும் ஓடல."

"தெரியுது."

"ரெண்டு வார்த்தை வஞ்சுருங்க."

அவன் வையவில்லை. "தொரை வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன் அழகி?" என்று மட்டும் கேட்டான். போலீஸ்காரருக்கு முன்னால்கூட நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. துரை வருவாரா, இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தேடிக்கொண்டிருந்தான்.

சூட்டில் வளைந்தது சூட்டில்தானே நிமிர வேண்டும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். முற்றத்தில் மட்டமான கல்லாகப் பார்த்துக் கழுவித் துடைத்து, ஒரு பிளேட்டு, ஒரு துணி, அதன்மேல் இன்னொரு பிளேட்டு என்று அடுக்கினான். மேலே ஒரு பலகையை வைத்தான். வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்து, அழகியும் அவனுமாக அம்மிக்கல்லைத் தூக்கி வந்து பலகைமேல் பதமாக இறக்கினார்கள். சூடு போதாவிட்டால் விரிசல் விடும், மிஞ்சினால் இன்னும் இளகும். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கு வீட்டில் அரைக்க அம்மி இல்லாததால் கஞ்சியும் உப்பும்தான்.

இரண்டு பேரும் அம்மிக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஓலை வெயிலில் படக்கென்று ஒரு சத்தம் கொடுத்தாலும் இருவரும் அம்மியைப் பார்த்தார்கள். காப்பிக் கடையில் பாதியில் நின்றுபோன அழுகையின் மிச்சம் இதற்கு அடியில்தான் எங்கோ ஒரு பிளேட்டில் இருக்கிறது என்று அழகி நினைத்துக்கொண்டாள். உள்ளே தரையெல்லாம் நெல் குவிந்து கிடந்தது, அதை அள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆண்டியப்பா" என்று தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

நாகராசுதான். நாளைக்கு ஆலங்குடிக்குத் தேங்காய் ஏற்ற வண்டி வருமா என்று கேட்க வந்திருந்தான். அது பிறகுதான் தெரிந்தது. பெயர் காதில் விழுந்ததுமே ஆண்டியப்பன் எழுந்து நின்றுவிட்டான். அழகி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். அவை தொடையிலிருந்து கிளம்பி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன.

"இங்கிட்டு வந்து கொஞ்சம் புடிங்க" என்றாள் அவசரமாக. "அம்மி சாயுது."

அம்மி சாயவில்லை. அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவன் குனிந்து பாதிவழியில் நின்ற இரண்டு கைகளையும் கொண்டுபோய்ச் சுடுகிற அம்மியின்மேல் வைத்தான். அவள் தன் கைகளை அவற்றின்மேல் வைத்து, எழும்பவிடாமல், பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டாள்.